வீடு விற்கப் போனால் வரும் வம்புகள்: கேள்வி பதில்

சொந்த வீட்டை விற்கப் போய், வாங்க வந்தவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் செங்கல்பட்டுப் பக்கம் பத்திர எழுத்தர். சார் பதிவாளர் அலுவலக வாசலில் நடக்கும் கூத்தையெல்லாம் தினமும் பார்ப்பவர்.

மடிப்பாக்கத்திலிருந்து: ஒரு பார்ட்டி ஞாயிறு தோறும் வருகிறார். முதல் வாரம் மனைவி, அடுத்த வாரம் மாமனார், போன வாரம் ஒரு மேஸ்திரி. ஆளுக்கொரு குறை சொல்லிச் சொல்லி, 72 லட்சம் என்று பேசியது 66இல் வந்து நிற்கிறது. இவரை விட்டால் வேறு ஆள் வருமா என்றும் பயமாக இருக்கிறது.

அவர் குறைக்கவில்லை சார், நீங்கள்தான் இறங்கிக்கொண்டே போகிறீர்கள். மேஸ்திரி சுவரைத் தட்டி "உப்பு பூத்திருக்கு" என்று சொன்னதற்கு இரண்டு லட்சமா? அந்த வேலையை அவரையே செய்யச் சொல்லிக் கூலி கேட்டுப் பாருங்கள், எவ்வளவு என்று தெரியும்.

அட்வான்ஸ் போடாதவர் வெறும் பார்வையாளர். அவரிடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "யார் யார் பார்க்க வேண்டுமோ எல்லோரையும் ஒரே நாளில் கூட்டி வாருங்கள். அன்றைக்கே விலை பேசுவோம், அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள்." டோக்கன் போடாத விலைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. அவர் காதுபட அடுத்த ஆளுக்கும் வீட்டைக் காட்டுங்கள்.

அப்புறம், "பக்கத்துத் தெருவில் 60க்குத்தான் போச்சு, ஈசியிலேயே இருக்கு" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். ஈசி என்பது வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதில் இருப்பது பத்திரத்தில் எழுதிய தொகை. பல நேரம் அது அரசு குறித்து வைத்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதியதாக இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

கோவையிலிருந்து: எங்கள் சமையலறை ஈசானி மூலையில் இருக்கிறதாம். இடித்துக் கட்ட எட்டு லட்சம் ஆகும், அதை விலையில் கழியுங்கள் என்கிறார் வாங்குபவர்.

இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொன்ன யாரும் இடித்து நான் பார்த்ததில்லை. அதே அடுப்பில் பால் காய்ச்சிவிட்டுக் குடி வந்துவிடுவார்கள். வாஸ்து அவருடைய நம்பிக்கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? "உங்களுக்கு ஒத்துவராது போலிருக்கே, வேறு வீடு பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நிஜமாகவே நம்புகிறவர் போய்விடுவார். பேரத்துக்காகச் சொன்னவர் மறுநாள் போன் செய்வார். விளம்பரத்திலேயே வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்று போட்டுவிட்டால் இந்தக் கூட்டத்தில் பாதி வரவே வராது.

திருச்சியிலிருந்து: மூன்று மாத ஒப்பந்தம் போட்டு, இரண்டு லட்சம் அட்வான்ஸ் வாங்கி, பதிவும் செய்தோம். இப்போது ஐந்தாவது மாதம். "லோன் வந்துடும்" என்கிறார், வரவில்லை. ரத்து செய்யவும் வர மறுக்கிறார். இன்னொருவர் முழுப் பணத்தோடு காத்திருக்கிறார்.

இதுதான் உண்மையான வம்பு, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வரும். புது ஆளின் வங்கி வழக்கறிஞர் முதலில் அதைத்தான் கேட்பார். அதை எடுக்க ரத்துப் பத்திரம் வேண்டும், அதில் பழைய பார்ட்டியின் கையெழுத்தும் வேண்டும். அது தெரிந்துதான் வர மறுக்கிறார். கூடக் கொஞ்சம் கறக்கலாம் என்று கணக்கு.

காலக்கெடு முடிந்ததால் ஒப்பந்தம் தானாகவே செத்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து அவருக்கு மூன்று வருஷம் இருக்கிறது. ஆனால் வழக்கில் ஜெயிக்க, பணத்தோடு தயாராக இருந்தேன், வாங்க விருப்பமாகவும் இருந்தேன் என்று அவர் காட்டியாக வேண்டும். லோனே வராதவர் அதை எப்படிக் காட்டுவார்? உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது. "இன்னும் லோன் வரலை சார்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து நோட்டீஸ் விடுங்கள்: நான் தயாராக இருக்கிறேன், பதினைந்து நாளுக்குள் மீதியைக் கட்டிக் கிரையம் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த படியை வழக்கறிஞர் சொல்வார். அது தீரும் முன் புது ஆளிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள், வாங்கினால் இரண்டு பக்கமும் வழக்கு வரும்.

அட்வான்ஸை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தவறினால் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்த முன்பணம் வேறு, விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்த பணம் வேறு. முதல் வகையைத்தான் பிடித்துக்கொள்ள முடியும், அதுவும் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து ரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவேன். வழக்குச் செலவும் காத்திருக்கும் வருஷங்களும் அதைவிட அதிகம்.

அதே கேள்வியைத் தொட்டு, புதுக்கோட்டையிலிருந்து: அப்படியானால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரையம் கேட்கும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. சும்மா வெள்ளைத்தாளில் எழுதியதுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

மதுரையிலிருந்து: விலை 80 லட்சம். பத்திரத்தில் 45 போடுவோம், மீதி 35 ரொக்கம் என்று வாங்குபவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். உங்களுக்கும் வரி மிச்சம்தானே என்கிறார்.

வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகப் போகலாம். அபராதம் பணத்தை வாங்கிய கைக்கு, அதாவது உங்களுக்கு. அவருக்கு மிச்சமாவது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். 35 லட்சத்துக்கு மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். அந்த லாபம் அவருக்கு, 35 லட்சம் ஆபத்து உங்களுக்கு.

உங்களுக்கு வரி மிச்சம் என்பதும் பாதிப் பொய். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வைத்துத்தான் வரி போடுவார்கள். முழுப் பணத்தையும் முறையாக வாங்கினால், நீண்ட காலம் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடானால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததைக் கட்டலாம். லாபத்தைப் போட்டு வேறு வீடு வாங்கினால் அதிலும் விலக்கு உண்டு. ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து: 60 லட்சம் பேசிவிட்டு, 60,000 பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார். இது அடாவடி இல்லையா?

இல்லை. அது டிடிஎஸ். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டியே ஆக வேண்டும். உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். கட்டியதற்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் அடாவடி.

தஞ்சாவூரிலிருந்து: அப்பா இறந்தபின் நானும் அம்மாவும்தான் இந்த வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகிப் போன அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் வாங்க வந்தவர். வேண்டுமென்றே இழுக்கிறாரா?

அப்பா பெயரில் இருந்து, உயிலும் இல்லை என்றால் அக்காவுக்கும் பங்கு உண்டு தம்பி. அவர் கேட்பது நியாயம். வாரிசுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அக்காவிடம் போய்ப் பேசுங்கள்.

சேலத்திலிருந்து: ஒப்பந்தம் ஆகிவிட்டது. லோன் வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆனி முகூர்த்தத்திலேயே பால் காய்ச்சிவிடுகிறோம், சாவி மட்டும் கொடுங்கள் என்று அந்த அம்மா கண் கலங்கக் கேட்கிறார். மனசு கேட்கவில்லை.

மனசைக் கேட்க வேண்டாம், என்னைக் கேளுங்கள். கொடுக்காதீர்கள்.

பால் காய்ச்சி விளக்கேற்றிய பிறகு சாவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பீர்கள்? முதல் வாரம் ஒரு பீரோ வரும். அடுத்த வாரம் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இங்கே ரெண்டு நாள்" என்பார்கள். கேஸ் இணைப்பு மாறும், தபால் அந்த விலாசத்துக்கு வர ஆரம்பிக்கும். லோன் கிடைக்காமல் போனால், கையில் அட்வான்ஸோடு நீங்கள் வெளியே, அவர்கள் உள்ளே. அவர்களைக் கிளப்ப நீதிமன்றம்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தின் பேரில் வீட்டை அவர்கள் வசம் கொடுத்துவிட்டால் சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம் நிற்கும்.

பேரம் பேசுவது, குறை சொல்வது, இழுத்தடிப்பது இதெல்லாம் எரிச்சல்தான், நஷ்டமில்லை. சாவி, ஒரிஜினல் பத்திரம், பவர் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) இந்த மூன்றில் ஒன்றைக் கேட்கிறார் என்றால்தான் உஷாராக வேண்டும். கேட்பவர் நல்லவராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

அந்த அம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. முகூர்த்த நாளில் நீங்களும் கூட இருந்து, காலையில் கதவைத் திறந்து, பாலைக் காய்ச்ச விட்டு, மதியத்துக்குள் நீங்களே பூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு குடம்கூட உள்ளே தங்கக் கூடாது. இதற்கே அவர்கள் கோபித்துக்கொண்டால் வேறு ஏதோ நினைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தாம்பரத்திலிருந்து: லீகல் பார்க்க ஒரிஜினல் பத்திரம் வேண்டும் என்கிறார்.

நகல் போதும். ஒரிஜினலைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய வழக்கறிஞர் உங்கள் வீட்டுக்கு வரட்டும், அல்லது நீங்கள் எடுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஐந்து லட்சம் கொடுக்கிறேன், பதினோரு மாத ஒப்பந்தமும் பவரும் எழுதிக் கொடுங்கள் என்கிறார் ஒருவர். நான் கேட்ட விலைக்கு மறுபேச்சே பேசவில்லை.

மறுபேச்சு பேசாததுதான் சந்தேகம். அவர் உங்கள் வீட்டை வாங்க வரவில்லை, அதை வைத்து வியாபாரம் செய்ய வந்திருக்கிறார். பவரைக் கையில் வைத்துக்கொண்டு கூட விலைக்கு ஆள் தேடுவார். கிடைத்தால் லாபம் அவருக்கு. கிடைக்காவிட்டால் உங்கள் வீடு பதினோரு மாதம் முடங்கியது மிச்சம். பவர் எழுதிக் கொடுப்பதால் வீடு அவருக்கு விற்றதாகாது, வரிக் கணக்கும் வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும். வேண்டுமானால் பவர் இல்லாமல் இரண்டு மாத ஒப்பந்தம், கால்வாசிப் பணம் முன்கூட்டியே என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வந்தால் நிஜமான ஆள்.

சிங்கப்பூரிலிருந்து: வீடு என் பெயரில், அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். வாங்குபவர் நான் இல்லாத நேரம் பார்த்து அப்பாவிடம் போய், "பெரியவரே, நீங்க சொன்னா தம்பி கேப்பாரு" என்று நாலு லட்சம் குறைக்க வைத்துவிட்டார்.

விலை பேசும் வாய் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவை "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அவன்கிட்ட கேளு" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர் சொன்ன வார்த்தை, காப்பாற்றுங்கள் என்று அந்த ஆள் சென்டிமென்டைப் போடுவார், அசையாதீர்கள். கிரையத்துக்கு வர முடியாவிட்டால் தங்கைக்கோ அம்மாவுக்கோ பவர் கொடுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பும் பவருக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

செங்குன்றத்திலிருந்து: நாளை மறுநாள் பதிவு. கடைசி நிமிஷத்தில் ஏதாவது செய்வாரோ என்று உறக்கம் வரவில்லை.

செய்ய வாய்ப்புண்டு. பதிவு அலுவலகத்தில் உங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடப் போகும் நேரத்தில், "ஒரு லட்சம் குறையுது, சாயங்காலம் போட்டுடறேன், இப்ப கையெழுத்தைப் போடுங்க" என்பார். சுற்றி அவருடைய ஆட்கள் நிற்பார்கள், புரோக்கர் உங்கள் தோளில் கை போடுவார், முகூர்த்த நாள் என்பதால் அலுவலகமே நெரிசலாக இருக்கும். அந்த நெருக்கடியில்தான் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பத்திரத்தில் முழுத் தொகையும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கும். பதிவான பிறகு பாக்கி வரவில்லை என்பதற்காகக் கிரையத்தை ரத்து செய்ய முடியாது, பாக்கிக்கு வழக்குத்தான் போட வேண்டும். ஆகவே பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், அல்லது வங்கி டிடி உங்கள் கையில் இருக்க வேண்டும். அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள்.

"இன்னைக்கு விட்டா ஸ்டாம்ப் பணம் போச்சு" என்று மிரட்டுவார். கட்டிய பணம் ஒரே நாளில் காற்றில் போய்விடாது, இன்னொரு நாளைக்கு டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தீர்வை, கட்டணம் என்று 9 சதவீதத்தைக் கட்டிவிட்டு நிற்பவர் அவர். 60 லட்சத்துக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அன்றைக்கு அவசரம் அவருக்குத்தான். நீங்கள் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு லட்சம் அரை மணி நேரத்தில் எங்கிருந்தாவது வந்துவிடும்.

வேலூரிலிருந்து: விற்று நாலு மாதம் ஆகிவிட்டது. மாடியில் ஒழுகுகிறது, பாதிச் செலவைக் கொடு என்று தினமும் போன்.

வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குப் படாத பெரிய குறை, அது உங்களுக்குத் தெரியும் என்றால், சொல்லியிருக்க வேண்டியது உங்கள் கடமை. ஒழுகுவது தெரிந்தே விற்பதற்கு முன் பெயின்ட் அடித்து மறைத்தீர்களா? அப்படியானால் பேசி ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று ஒரே ஒரு முறை எழுத்தில் பதில் போட்டுவிட்டுப் போனை எடுக்காமல் விடுங்கள். இனிமேல் விற்பவர்கள் இருக்கிற ஒழுகலை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாகர்கோவிலிலிருந்து: பாட்டி காலத்துத் தேக்கு ஊஞ்சல் கூடத்தில் தொங்குகிறது. வீட்டோடு சேர்ந்தது என்கிறார் வாங்குபவர். பதிவு அடுத்த வாரம்.

இன்றைக்கே கழற்றி அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். கொக்கியை மட்டும் விட்டுவிடுங்கள். ஃபேன், மோட்டார், இன்வெர்ட்டர், தண்ணீர்த் தொட்டி இதில் எது எது வீட்டோடு போகிறது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.