இடுப்பு எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

எடின்பரோவுக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் இணையத்தில் ஒரு கில்ட் வாங்கினேன்; ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், கொசுவம் வைத்த உடை. கல்யாணத்துக்கு மட்டும் என்றில்லாமல் வாரத்தில் இரண்டு நாளாவது அலுவலகத்துக்கும் கட்டிக்கொண்டு போக ஆசை. என் ஜீன்ஸ் அளவு 34. அதையே கொடுத்தேன். கடைசி ஓட்டையில் மாட்டினால்தான் பக்கிள் பொருந்துகிறது. முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, பின்னால் கொசுவம் விரிந்து நிற்கிறது. மனைவி "பாவாடை" என்று சிரிக்கிறாள். ஆண் இப்படி உடுத்துவதில் நமக்கு இருக்கும் கூச்சம் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்துக்காரன் அல்லாத நான் இதைக் கட்டலாமா? உள்ளே என்ன அணிவது?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேள்வியாகவே நினைக்காத ஒரு வரி: "ஜீன்ஸ் அளவு 34. அதையே கொடுத்தேன்." இன்றைய ஆண்களுக்குத் தங்கள் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்ல நீங்களே வந்துவிட்டீர்கள்.

மற்றதை முதலில் முடித்துவிடுவோம். கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம். ஸ்காட்லாந்துக் குலம் ஒன்றின் பெயர் தாங்கிய டார்ட்டனில் (கட்டம் போட்ட துணியில்) தயக்கம் இருந்தால் பிளாக் வாட்ச், கலிடோனியா என்று எல்லோருக்கும் பொதுவான கட்டங்கள் இருக்கின்றன. உள்ளே என்ன? ஜட்டி. கில்டுக்குள் ஒன்றும் போடுவதில்லை என்று பட்டாளத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லும் அந்தப் பழைய வேடிக்கையை அலுவலக நாற்காலிக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பளித் துணி தினம் துவைக்கிற துணி அல்ல, தோலில் உரசினால் அரிக்கவும் செய்யும். கூச்சமா? மடித்துக் கட்டிய வேட்டியில் தெரியாத எந்த முழங்கால் இதில் புதிதாகத் தெரியப்போகிறது? 1746-ல் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் சட்டம் போட்டு, கில்ட் உள்ளிட்ட ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடையைத் தடை செய்தார்கள். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். 1782-ல்தான் விலக்கினார்கள். அதையே தாங்கி வந்த உடை உங்கள் வீட்டுச் சிரிப்பையும் தாங்கும்.

ஆனால் உங்கள் மனைவி சிரித்ததில் நியாயம் இருக்கிறது தம்பி. அவர் கண்ணில் பட்டது கில்ட் அல்ல, இடம் மாறிக் கட்டிய கில்ட்.

ஜீன்ஸ் உட்காருவது இடுப்பெலும்பில். அதன் மேல் ஒட்டியிருக்கும் எண், உண்மையான அங்குலமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கில்ட் உட்காருவது தொப்புள் மட்டத்தில், சிலருக்கு அதற்கும் ஒரு அங்குலம் மேலே. அங்கே உங்கள் சுற்றளவு 37 இருக்கலாம். 34-க்குத் தைத்தது அங்கே மூடாது. எனவே நீங்கள் அதை இறக்கி, தொப்பைக்குக் கீழே, மூடுகிற இடத்தில் மூடியிருக்கிறீர்கள். முழங்காலைத் தாண்டித் தொங்குவதும் கொசுவம் விரிவதும் இரண்டு குறைகள் அல்ல, இந்த ஒன்றின் விளைவுகள்.

காரணம் தெரிந்தால் இன்னொரு முறை செய்ய மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேட்டியை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், ஒவ்வொரு முறையும் உடம்புக்குத் தக்கபடி அது புதிதாக உருவாகிறது. பழைய பெரிய கில்டும் அப்படித்தான். நீளத் துணியைத் தரையில் விரித்து, கையால் கொசுவம் வைத்து, மேலே படுத்து பெல்ட் போட்டு எழுந்துவிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொசுவத்தைத் தைத்து நிறுத்த ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அது ஒரே ஒரு உடம்பின் ஒரே ஒரு இடத்துக்கு உரிய உடை.

கணக்காகவே பாருங்கள். சீட், அதாவது பின்பக்கத்தின் பருமனான இடத்துச் சுற்றளவு, 40 அங்குலம் என்றால் ஏறக்குறைய பாதி முன்னால் தட்டையாக வரும் மடிக்கு, பாதி பின்கொசுவத்துக்கு. 20 அங்குலத்தில் 27 கொசுவம் என்றால் ஒவ்வொன்றும் வெளியே முக்கால் அங்குலம்கூடத் தெரியாது. அது மேலே போகப் போகக் குறுகி, 36 அங்குல இடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்குலமாகிவிட வேண்டும். கொசுவம் ஒன்றுக்கு ஒரு நூல் அளவுகூட இல்லாத இந்தக் குறுகல்தான் தையல்காரரின் வித்தை. ஒவ்வொரு கொசுவத்துக்கும் கட்டத்தின் ஒரு சுற்று, அதாவது கட்ட வடிவம் ஒருமுறை முழுதாக வந்து முடியும் நீளம், செலவாகிறது. அது 8 அங்குலம் என்றால் 27 கொசுவத்துக்கு 216 அங்குலம், அதாவது 6 கெஜம். முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக வரும் உள்மடி, மேல்மடி இரண்டுக்கும் இன்னொரு 2 கெஜம். "எட்டு கெஜக் கில்ட்" என்பது இதுதான். பக்கிளின் இழுப்பைத் தாங்க உள்ளே ஒரு கேன்வாஸ் (விறைப்பான துணி) வைப்பார்கள். மலிவான கில்டில் அதுதான் முதலில் காணாமல் போகும்.

தைத்த பகுதி முடியும் கோடு பின்பக்கத்தின் அதிகப் பருமனான இடத்தில் வர வேண்டும். இடுப்பிலிருந்து சுமார் 7, 8 அங்குலம். அதற்குக் கீழே கொசுவம் சுதந்திரமாக விழும். நீங்கள் மூன்று அங்குலம் இறக்கினால் அந்தக் கோடு தொடைக்குப் போய்விடுகிறது. குறுகலான மேல்பகுதி அகலமான சீட்டின் மேல் இழுபட்டு நிற்கிறது, கீழே துணியைப் பிடிக்க உடம்பு இல்லை, கொசுவம் மணி மாதிரி விரிகிறது. உள்மடியின் மூலை வெளியே எட்டிப் பார்க்கிறதா? அதுவும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நீளத்தைக் குறைக்க, கீழே மடித்துத் தைத்துத் தரச் சொல்லி எந்தத் தையல்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நல்ல கம்பளிக் கில்டின் கீழ்விளிம்பு நெய்த துணியின் கரை. அங்கே மடிப்புத் தையலே கிடையாது. மடித்தால் ஒவ்வொரு கொசுவத்தின் அடியிலும் துணி இரட்டிப்பாகி, பின்பக்கம் குடை மாதிரி எழும்பும். சுருக்குவதானால் மேலிருந்து, பட்டியையும் கொசுவத் தையலையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு ஒரு சாதாரணக் கில்டே வாங்கலாம். பக்கிளை நகர்த்தலாமே என்பீர்கள். ஒரு அங்குலம் தாங்கும். அதற்கு மேல் போனால் முன்மடியின் ஓரம் வலப்பக்கம் போய்ச் சேராது, கட்டமும் நடுவிலிருந்து விலகிவிடும். கடை திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வாங்கும்போது துணியின் எடையைப் பாருங்கள். கெஜத்துக்கு 10, 11 அவுன்ஸ் துணி எடின்பரோ காற்றில் பறக்கும். 13 தினசரிக்குப் போதும். 16 அவுன்ஸ் அருமையாக விழும், ஆனால் சூடேற்றிய அலுவலகத்தில் வேர்க்கும். வீட்டிலேயே துவைக்க வேண்டுமென்றால் பாலியஸ்டர்-விஸ்கோஸ். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், உருண்டை உருண்டையாகப் பூக்கும், கொசுவமும் நிற்காது. புதிதாக வரும்போது கொசுவங்களைச் சேர்த்துப் பெரிய ஓட்டுத் தையல் போட்டிருந்தால், கட்டுமுன் அதைப் பிரித்துவிடுங்கள். அதோடேயே தெருவில் நடப்பவர்கள் உண்டு. முன்மடி ஓரத்தில் அலங்காரத்துக்குக் குத்தும் கில்ட் ஊசியை மேல்மடியில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கிற நடையில் துணி கிழியும்.

அலுவலகத்துக்கு மேலே சாதாரண கோட்டு போடாதீர்கள், அது சீட்டை மூடிக் காலைக் குட்டையாக்கும். பெல்ட்டோடு நின்றுவிடும் கம்பளி ஸ்வெட்டர், கனத்த காலுறை, பூட்ஸ் போதும். பையில்லாத உடை என்பதால் சாவிக்கும் போனுக்கும் தோல் ஸ்பாரன், இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் சிறு பை. சங்கிலியைவிடத் தோல்வார் நல்லது, சங்கிலி பின்பக்கத் துணியைத் தேய்த்துவிடும். மேசையில் உட்காரும்போது ஸ்பாரனை இடுப்போரம் தள்ளிக்கொள்ளலாம். உட்காருமுன் புறங்கையால் கொசுவத்தைத் தொடைக்கடியில் ஒதுக்குங்கள். பின்கொசுவப் புடவை கட்டிய பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியிருக்காது.

சரி, அளவு. சிரித்தவரிடமே இஞ்ச் டேப்பைக் கொடுங்கள். நீங்களே அளந்தால் குனிவீர்கள், டேப் நழுவும். தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, கொஞ்சம் இறுக்கமாக. சீட்டில் பருமனான இடத்தில் ஒரு சுற்று, தளர்வாக. இந்த இரண்டு மட்டத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று ஒன்று. பிறகு முழங்காலிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். தொப்புள் மட்டத்திலிருந்து தரைவரை அளந்து, ஒரு அங்குலம் கழிக்கச் சொல்லுங்கள். இடுப்புக்கு மேலே பட்டி ஏறி நிற்கும் 2 அங்குலத்தைத் தைப்பவரே கூட்டிக்கொள்வார், நீங்கள் கூட்டாதீர்கள். நான்கு எண்ணையும் அவரே எழுதட்டும். அவர் அளக்கும்போது வயிற்றை எக்க வேண்டாம்.