வீட்டுக்காரர் தெற்கு சூடானில், வழக்கு பத்மநாபபுரத்தில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். ஐ.நா. அமைதிப் படையோடு தெற்கு சூடானுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. நான் மாமியாரோடும் எட்டு வயது மகனோடும் இருக்கிறேன். எங்கள் புரயிடத்தின் (வீடும் தோட்டமுமாக உள்ள நிலத்தின்) எல்லைத் தகராறு பத்மநாபபுரம் கோர்ட்டில் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எதிர்த்தரப்பு வேகம் காட்டுகிறது. அவரிடம் சொன்னால் அங்கே நிம்மதி போய்விடும் என்று மறைத்து வைத்திருக்கிறேன். மாமியார் விடிந்ததிலிருந்து டிவி செய்திதான். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: முதலில் வழக்கு, தங்கச்சி. அது காத்திருக்காது. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடல் கடந்து பணியில் இருக்கும் சிப்பாய்க்காக ஆஜராக முறையான ஆள் இல்லாதபோது அவருடைய சிவில் வழக்கை நிறுத்தி வைக்க அது வழி செய்கிறது. நிறுத்த வேண்டாம், நடத்தியே முடிப்போம் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு: சிவில் நடைமுறைச் சட்டத்தின் 28-ஆவது ஆணைப்படி, லீவு கிடைக்காத வீரர் தன் கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு, தனக்குப் பதிலாக வழக்கை நடத்த உங்களுக்கே அதிகாரம் கொடுக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். அப்புறம் நாகர்கோவிலில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போங்கள். பெயரைப் பார்த்து நமக்கில்லை என்று திரும்பி விடாதீர்கள், பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் அது. அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட் முகவரி, வழக்கு எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

இதிலிருந்தே தெரிகிறதே, அவர் கையெழுத்து இல்லாமல் பாதி வேலை நடக்காது. அதனால் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் பாதியைச் சொல்வார், மீதியை அவர் தூங்காமல் கிடந்து கற்பனை செய்வார். "வழக்கு இப்படி நிற்கிறது, வக்கீல் இதைச் செய்யப் போகிறார், நீங்கள் இந்தக் காகிதத்தை மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள், தாங்கிக் கொள்வார்.

அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நம் இரவு ஒன்பது அவருக்கு மாலை ஐந்தரை. ஒரு நேரம் பேசி வைத்துக் கொள்ளுங்கள், ஆனால் ரோந்து போனால், சிக்னல் போனால் அழைப்பு வராது என்பதை மகனிடமும் முன்கூட்டியே சொல்லி விடுங்கள். மாமியாரிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஏதாவது என்றால் தகவல் ராணுவத்திடமிருந்து வரும், டிவியிலிருந்து அல்ல. அதற்கு யூனிட்டில் உங்கள் இப்போதைய போன் நம்பரும் முகவரியும் இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அமைதிப் படையில் இருக்கிறார். சங்கம் சார்பில் பிளெக்ஸ் வைத்து, அவர் வீட்டாருக்குச் சால்வை போடலாமா?
- வாசகர், கருங்கல்

பதில்: பிளெக்ஸ் வேண்டாம் தம்பி. அவர் எந்த யூனிட், எந்த நாடு என்பதெல்லாம் முச்சந்தியில் தொங்க வேண்டிய விஷயம் அல்ல. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு ஆண்கள் கல்ஃபில் இருப்பதால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்து "டாலர் சம்பளம்" என்று பேசுகிறார்கள், கேட்கவே மனசு வலிக்கிறது. கல்ஃபில் பிடிக்காவிட்டால் சண்டை போட்டாவது திரும்பி வரலாம், இவர் நினைத்தால் வர முடியாது. ஐ.நா. பணியில் இதுவரை ஏறத்தாழ 180 இந்தியர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் ஜோங்லேயில் ஒரு வாகன வரிசைக்குக் காவலாகப் போன 5 இந்திய வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சால்வைக் காசில் ஒரு காரியம் செய்யுங்கள். அவர் அம்மாவைத் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி, ரப்பர் வெட்டு ஒழுங்காக நடக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள், மழைக்கு ஓடு மாற்ற இரண்டு பேர். கேட்டால் செய்வோம் என்று இருக்காதீர்கள், அந்த வீட்டுப் பெண் கேட்க மாட்டாள். அவர் திரும்பி வந்ததும் அங்கே என்ன நடந்தது என்று குடையாமல் கொஞ்ச நாள் வீட்டோடு விடுங்கள். தூக்கமில்லை, எரிச்சல் அடங்கவில்லை என்று வீட்டில் சொன்னால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைக் கொடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.