ஓட்டப் பயிற்சிக்கு ஜிபிஎஸ் வாட்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆறு மாதமாக ஓடுகிறேன், ஜனவரியில் முதல் அரை மாரத்தான், கடையில் 3,000 ரூபாயிலிருந்து 80,000 வரை வாட்ச் இருக்கிறது, எது போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஒன்பது வருடமாக ஓடுகிறேன். இப்போது என் கையில் இருப்பது மூன்றாவது வாட்ச்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மூவாயிரம், நாலாயிரத்தில் கிடைக்கும் பலவற்றின் பெட்டியில் 'ஜிபிஎஸ்' என்று போட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் போனில் உள்ள ஜிபிஎஸ்ஸை வாங்கிக் காட்டுபவை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கை வீச்சை வைத்துத் தோராயமாகத் தூரத்தைக் கணக்கிடும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். பெசன்ட் நகரில் வழக்கமான ஐந்து கிலோமீட்டரை ஒரு நாள் 4.3 என்றது, மறுநாள் 5.6 என்றது. கடைக்காரரிடம் 'போன் இல்லாமல் தானாக ஜிபிஎஸ் எடுக்குமா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

அடுத்து நான் பார்ப்பது பொத்தான். பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நம் ஊர் வியர்வைக்குத் தொடுதிரை தாங்காது. ஆகஸ்ட் மாதம் விடிகாலை ஐந்தரைக்கு மூன்றாவது கிலோமீட்டரிலேயே முழங்கையிலிருந்து சொட்டும். ஈர விரலால் தடவினால் திரை ஒன்று அசையாது, இல்லாவிட்டால் வேறு எங்கோ போய் நிற்கும். பனியனில் துடைக்கலாம் என்றால் பனியனும் நனைந்திருக்கும். வேகமாக ஓடி, இளைப்பாறி, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சியில் 400 மீட்டர் முடித்து மூச்சு வாங்கும்போது, பார்க்காமலே கட்டைவிரலால் அழுத்தி லேப் போட, அதாவது அந்தப் பகுதியின் நேரத்தைத் தனியாகக் குறிக்க, முடிய வேண்டும். தொடுதிரை கூடவே இருந்தால் தப்பில்லை. ஓடத் தொடங்க, நிறுத்த, லேப் போட மட்டும் கண்டிப்பாகப் பொத்தான் வேண்டும்.

சரி, தூரம் எவ்வளவு துல்லியமாக வரும்? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. திறந்த கடற்கரைச் சாலையில் அது நேராக வந்து சேரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சுவரில் மோதித் திரும்பி வரும். அந்தச் சுற்றுவழி தாமதத்தை வாட்ச் கூடுதல் தூரமாக எடுத்துக்கொள்வதால் நீங்கள் நிற்கும் இடமே தள்ளிப் போகிறது. டைடல் பார்க் பக்கம் பறக்கும் ரயில் பாதையை ஒட்டி நான் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தேன். வாட்ச் 4:50 என்றது, பத்து விநாடியில் 8:10 என்றது. கால் மாறவே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் 'இரட்டை அலைவரிசை' வாட்ச்கள் இந்த எதிரொலிச் சிக்னலை நன்றாகவே பிரித்தறிகின்றன. நீங்கள் ஓடுவது கட்டடங்களுக்கு நடுவே என்றால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கடற்கரை, ஏரிக்கரை, புறவழிச்சாலை என்றால் சாதாரண ஜிபிஎஸ்ஸே போதும்.

எந்த வாட்ச் வாங்கினாலும் 'இப்போதைய வேகம்' என்ற எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு 'லேப் வேகம்' வையுங்கள். அது அந்தக் கிலோமீட்டரின் சராசரி என்பதால் இவ்வளவு தாவாது. அப்புறம், கிளம்பும் முன் போன் செயலியோடு ஒருமுறை இணைத்துவிடுங்கள். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பு அதன் வழியாக வாட்சுக்கு வந்துவிடும், சிக்னல் சீக்கிரம் பிடிக்கும். பிடித்துவிட்டது என்று காட்டிய பிறகே ஓடத் தொடங்குங்கள்.

பந்தய நாளுக்கு இன்னொன்று. என் இரண்டாவது அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நான்கு மாதம் உழைத்தேன். அதன் 21.0975 கிலோமீட்டருக்கும் கிலோமீட்டருக்கு 5:41 நிமிட வேகம் வேண்டும். வாட்சில் அதை அப்படியே பிடித்தேன், ஒரு கிலோமீட்டர்கூடத் தவறவில்லை. ஆனால் இரண்டு மணி ஆனபோது முடிவுக் கோடு இன்னும் தள்ளித்தான் இருந்தது. கடந்தபோது வாட்ச் காட்டிய தூரம் 21.4, நேரம் இரண்டு மணி ஒரு நிமிடம் 43 விநாடி. அன்று மிகவும் வருத்தப்பட்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. அங்கீகரிக்கப்பட்ட பந்தயப் பாதையை, அளவு சரிபார்த்த சைக்கிளில், வளைவுகளின் உள்ஓரமாக, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வேறு சேர்க்கிறார்கள். நாமோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் அகலமாகப் போகிறோம். அதோடு ஜிபிஎஸ்ஸின் சிறு பிழைகளும் சேரும். ஆகவே இரண்டு மணி வேண்டுமென்றால் வாட்சில் 5:36 பிடிக்க வேண்டும். தானாக லேப் போடுவதை அன்று நிறுத்திவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகை வரும்போதெல்லாம் நீங்களே பொத்தானை அழுத்துவது இன்னும் நல்லது. பொத்தானை நான் இவ்வளவு வலியுறுத்த இதுவும் ஒரு காரணம்.

இதயத் துடிப்பை மணிக்கட்டில் பச்சை ஒளியால் அளப்பது மெதுவான ஓட்டத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சில சமயம், வேகமான ஓட்டத்தில் கூடுதலாக, துடிப்புக்குப் பதிலாக உங்கள் காலடிகளை எண்ண ஆரம்பித்துவிடும். மெல்ல ஓடும்போதே 170 என்று காட்டி அதிலேயே நின்றால், பயப்படும் முன் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் இந்தப் பிழை குறையும். துடிப்பை வைத்தே பயிற்சி செய்வதாக இருந்தால் மார்புப் பட்டை தனியாக வாங்குங்கள். விலை உயர்ந்த வாட்சுக்குப் போவதைவிட அது பயன்.

பேட்டரி உங்களுக்குப் பெரிய கவலையில்லை, ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டிய ஸ்மார்ட் வாட்ச் ஞாயிறு விடிகாலை நாலரைக்கு 11 சதவீதத்தில் நிற்கும். திரையில் இரண்டு வகை உண்டு. அமோலெட் இருட்டில் பளிச்சென்று அழகாக இருக்கும். வெயிலை வாங்கித் தெளியும் பழைய வகைத் திரையில் பேட்டரி அதிக நாள் வரும். இரண்டையும் வெயிலில் படிக்கலாம்.

பெயர் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். உங்களுக்கு நான் சொல்வது கார்மின் ஃபோர்ரன்னர் 55. 2021-இல் வந்தது, 37 கிராம், ஐந்து பொத்தான், தொடுதிரை கிடையாது, ஜிபிஎஸ் போட்டு 20 மணி நேரம் வரை ஓடும். இரட்டை அலைவரிசை வேண்டுமென்றால் கோரோஸ் பேஸ் 3 அல்லது ஃபோர்ரன்னர் 255. இதற்கு மேலே உள்ள வரைபடம், பாட்டு, டைட்டானியம் சட்டம் எதுவும் ஜனவரிக்குள் உங்களை வேகமாக்காது. மிச்சப் பணத்தில் இன்னொரு ஜோடி ஷூ வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வாங்கியபின் தினமும் ஓடி வந்ததும் குழாய்த் தண்ணீரில் வாட்சையும் ஸ்ட்ராப்பையும் கழுவித் துடையுங்கள். வியர்வை உப்பு படிந்தால் மணிக்கட்டில் அரிக்கும், பின்பக்கத்தில் சார்ஜ் ஏறும் புள்ளிகளும் கறுத்துப் போகும். என் இரண்டாவது வாட்ச் அப்படித்தான் சார்ஜ் ஏறாமல் போனது. அதுவரை அதில் வேறு எந்தக் குறையும் இல்லை.