2016இல் ஃப்ரீ பேசிக்ஸைத் தடுத்ததால் ஏழைகளுக்குக் கிடைத்த இலவச இணையம் பறிபோனதா?

பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ், அதாவது சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் திறக்கவிட்ட திட்டம் பற்றிய உங்கள் கேள்வியையும், அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். படித்தவர்களின் கொள்கைச் சண்டையில் ஏழையின் கைக்கு வந்த இலவச இணையத்தைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். ஒரே வரியில் முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் "இணையச் சமநிலை கேட்டவர்களுக்குக் கிராமம் தெரியாது" என்ற உங்கள் வாக்கியம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. எந்தத் தளமானாலும் டேட்டாவுக்கு ஒரே விதி, ஒரே விலை என்பதுதான் இணையச் சமநிலை.

உங்கள் எழுத்தைப் பார்த்தால், 2016க்குப் பிறகு முதல் ஸ்மார்ட்போனை வாங்கியவர் என்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒன்றரை ஜி.பி. வந்து விழும் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு முந்தைய நிலையைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2014இல் ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய். 2018இல் அது 12 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. நான் சொல்லப்போவது அந்த 269 ரூபாய்க் காலத்துக் கதை.

சங்கரன்கோவிலில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தி வந்தேன். என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். பகலில் தறி, இரவில் படிப்பு. வகுப்புக்குத் தினமும் வர முடியாதவர்களுக்காக ஒரு சிறு இணையதளம் தொடங்கினேன். பழைய வினாத்தாள்கள், ஒவ்வொரு விடைக்கும் விளக்கம், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடங்களின் சுருக்கம், இவ்வளவுதான். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. தளத்தின் பெயருக்கும் சர்வருக்கும் ஆண்டுதோறும் கட்டவேண்டிய பணத்தை டியூஷன் வருமானத்திலிருந்து எடுத்தேன். வி.ஏ.ஓ. தேர்வு, குரூப் 4 என்று அடுத்தடுத்து வந்த நாட்களில் ராஜபாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும்கூட முகம் தெரியாத பிள்ளைகள் அழைத்துச் சந்தேகம் கேட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் ரீசார்ஜ் கடைகளில் ஒரு வகை பேக் பரவியது. மாதம் இருபது ரூபாய்க்குள் போட்டால் ஒரு சமூக வலைத்தளமும் ஒரு செய்திச் செயலியும் மட்டும் ஓடும். விற்ற நிறுவனங்களின் பெயர் வேண்டாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று பலரும் விற்றார்கள். 269 ரூபாய் எங்கே, இருபது ரூபாய் எங்கே? என் மாணவர்கள் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் மாறியிருப்பேன்.

பேக்கில் என்ன திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு வெளியே காலெடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்புக் குழுவில் என் தளத்தின் இணைப்பைப் போடுவேன். அதைத் தொட்டதும் பேக் எல்லை தாண்டிவிடும். மெயின் பேலன்ஸிலிருந்து கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்ற அளவில் இருந்தது அன்றைய வீதம். அப்படியென்றால் ஒரு எம்.பி.க்குப் பத்து ரூபாய். ஒரு வினாத்தாளைத் திறந்து முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை அழைப்புக்கென்று போட்டு வைத்திருந்த காசு கரைந்துவிடும்.

ஒரு மாணவியின் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். தறிக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "சார், உங்கள் இணையதளத்தைத் திறந்தால் காசு பிடிக்கிறதாமே, பிள்ளை சொல்கிறாள்" என்றார். "அண்ணாச்சி, அந்தக் காசில் ஒரு பைசாகூட என்னிடம் வருவதில்லை" என்று எப்படி எப்படியோ விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தைத் திறந்தால் காசு போகவில்லை, இன்னொன்றைத் திறந்தால் போகிறது. காசு போகிற பக்கத்துக்காரன் எடுத்துக்கொள்கிறான் என்று ஒருவர் நினைப்பதில் என்ன பிழை இருக்கிறது? அவர் அறிவுக்கு எட்டிய வரையில் அதுவே நியாயமான முடிவு. இலவசமாகக் கொடுத்தவன் திருடன் ஆனேன். இலவசம் என்று சொல்லி விற்றவன் வள்ளல் ஆனான்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் என் இணைப்புகளைத் தொடவே பயந்தார்கள். பாடங்களைப் படமாக எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடச் சொன்னார்கள். போட்டேன். தேடிப் பார்க்க முடியாத, திருத்த முடியாத, இரண்டு நாளில் அடியில் போய்விடும் படங்கள். அதே இடத்தில் மதுரை, சென்னைப் பயிற்சி மையங்கள் பணம் கட்டித் தங்கள் பதிவுகளை மேலே கொண்டுவந்தன. பேக் விற்ற நிறுவனத்தின் விநியோகஸ்தரிடம் போய், என் தளத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நல்ல மனிதர், ஏளனம் செய்யவில்லை. "சார், அதெல்லாம் மும்பையிலும் டெல்லியிலும் பேசி முடிப்பது" என்றார்.

சொந்த நஷ்டத்தைக் கொள்கையாக்குகிறான் என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். கொள்கை என்பது யாரோ ஒருவர் தலையில் போய் இறங்குவதுதான். இது என் போன்றவர்கள் தலையில் இறங்கியது, அதனால் பேசுகிறேன்.

இனி ஃப்ரீ பேசிக்ஸுக்கு வருகிறேன். 2015 பிப்ரவரியில் பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் இதைத் தொடங்கியபோது முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முப்பதுக்குச் சற்று அதிகமான தளங்கள், டேட்டா கட்டணம் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. யார் வேண்டுமானாலும் தளத்தைச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். பிற்பாடு கதவைத் திறந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நிபந்தனைக்கு ஏற்பத் தளத்தை மாற்றி, அவர்களிடம் சமர்ப்பித்து, அவர்கள் சரி என்ற பிறகே உள்ளே போக முடியும். வீடியோ கூடாது, இணைய வழிக் குரல் அழைப்பு கூடாது. படிப்பவருக்கும் தளத்துக்கும் இடையே போகிற எல்லாமே அவர்கள் சர்வர் வழியாகப் போகவேண்டும். கிராமத்துப் பிள்ளை எதைப் படிக்கிறாள் என்று கலிஃபோர்னியாவில் ஒருவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

2015 டிசம்பர் 28 அன்று மார்க் சக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு கட்டுரை எழுதினார். பொது நூலகம், அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி போலத்தான் இதுவும் என்று வாதாடினார். நூலகத்தைச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. நான் படித்து மேலே வந்ததே கிளை நூலகத்தில். அங்கே நூல்களை ஒரு பதிப்பாளர் பொறுக்கி அடுக்கவில்லை. தன்னோடு ஒப்பந்தம் போட்டவர் நூலை மட்டும் தருவேன் என்று நூலகர் சொல்லவில்லை. நான் எந்தப் பக்கத்தைப் புரட்டினேன் என்று யாரும் குறித்துக்கொள்ளவுமில்லை. மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காக நடக்கும் ஓர் இடத்தின் பெயரைத் தன் வியாபாரத்துக்கு அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த நாட்களின் பரபரப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 2015 மார்ச் 27 அன்று இணையச் செயலிகளையும் இணைய அழைப்புகளையும் எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கேட்டு டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை 118 பக்கம், 20 கேள்விகள். அதற்கு முன்பே, 2014 டிசம்பரில், ஸ்கைப், வைபர் போன்ற இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்திருந்தது. 2015 ஏப்ரலில், செயலி நிறுவனம் பணம் கட்டினால் அந்தச் செயலிக்குப் பயனரிடம் டேட்டா கட்டணம் வாங்காத ஏர்டெல் ஜீரோ திட்டம் வந்தது. அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட் விலகியது. இணையச் சமநிலை கேட்டு டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு அவற்றை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள் என்பது தனிக் கூத்து. நான் அந்த ஆங்கில அறிக்கையை உட்கார்ந்து படித்து, வகுப்பில் தமிழில் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பேலன்ஸ் கரைந்த அனுபவம் இருந்ததே! கிராமத்துக்கு இது புரியாது என்று நினைப்பவர்கள் கிராமத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

பேஸ்புக் தரப்பிலிருந்து நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக டிராய்க்கு எழுதும்படி தன் பயனர்களிடம் ஓர் ஆயத்தக் கடிதத்தை நீட்டியது. தளத்துக்குத் தளம் டேட்டாவுக்கு வேறு விலை வைக்கலாமா என்பது பற்றி டிராய் 2015 டிசம்பரில் தனியாகக் கேட்டது நான்கே கேள்விகள். வந்து குவிந்த ஆயத்தக் கடிதங்கள் அந்த நான்குக்கும் விடை சொல்லவில்லை என்று டிராயே பின்னர் எழுதியது.

2016 பிப்ரவரி 8 அன்று விதிமுறை வந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. உங்களைப் போன்றவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம், அந்த விதி ஃப்ரீ பேசிக்ஸை மட்டும் நிறுத்தவில்லை. என் பிள்ளைகளின் காசைக் கரைத்த அந்தக் குறுகிய பேக்குகளையும் நிறுத்தியது. ஏற்கெனவே விற்றவை முடிய ஆறு மாத அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். இலவச டேட்டா கொடுக்கக் கூடாது என்று அந்த விதியில் எங்கும் இல்லை. கொடுப்பதாக இருந்தால் முழு இணையத்துக்கும் கொடு என்பதுதான் அதன் சாரம்.

ஒரு இழப்பு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசே இல்லாமல் அந்தச் சில தளங்களில் வேலைவாய்ப்புச் செய்தியும் வானிலையும் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு அது நின்றுபோனது. அவர்கள் குறையைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஏழையைக் கிடைத்ததைப் படிப்பவனாக மட்டுமே பார்க்கிறீர்கள், அங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். அவன் எழுதவும் செய்வான். அவன் ஊரில் வினாத்தாள் தொகுப்பவன், நாட்டு விதை விற்பவன், உள்ளூர்ச் செய்தி போடுபவன் இருப்பான். டெல்லியில் போய் ஒப்பந்தம் பேச முடியாத அத்தனை பேரையும் இல்லாதவர்கள் ஆக்கும் இலவசம் அது.

ஜியோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் ஒருவர் சொல்லக்கூடும். 2016 செப்டம்பரில் அவர்கள் வந்த பிறகு விலை விழுந்தது உண்மை. டிராய் விதியால் விழவில்லை என்பதும் உண்மை. ஆனால் விலை விழுந்தபோது மக்கள் கையில் கிடைத்தது முழு இணையம். அதற்குக் காரணம் அந்த விதி. என் தளத்துக்கும் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் அல்ல, பலர் யூடியூப் பக்கம் போய்விட்டார்கள். அது அவர்கள் விருப்பம். யாரும் அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

விலை மலிந்துவிட்டதே, இனி என்ன பேச்சு என்பவர்களுக்கு என் அம்மாவின் போனைக் காட்டுகிறேன். பட்டன் போன். இணையம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அழைப்பு வந்தால் எடுப்பார். அதற்கே 28 நாளுக்கு ஒருமுறை டேட்டாவோடு சேர்ந்த ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். போடாவிட்டால் உள்வரும் அழைப்பும் நிற்கும். மாதம் என்பது 28 நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? வருடத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று முறை பணம் கட்ட வைக்கிறார்கள். 2024 டிசம்பரில்தான், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் கட்டாயம் இருக்கவேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. அதுவரை தொடாத டேட்டாவுக்காக நாட்டில் எத்தனை அம்மாக்கள் பணம் கட்டியிருப்பார்கள்! கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பீர்கள். ஏழைக்கு எது வேண்டும் என்பதை விற்பவரே முடிவு செய்கிறார் என்ற வகையில் சம்பந்தம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இணையச் சமநிலை விதி நிலைக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். 2015இல் கொண்டுவந்தார்கள், 2017 டிசம்பரில் எடுத்தார்கள், 2024இல் மீண்டும் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆட்சி மாறும்தோறும் மாறிய கதை அது. சிலி 2010லேயே சட்டம் போட்டது. 2014இல் சமூக வலைத்தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டங்களையும் தடுத்தது. இங்கே 2018இல் தொலைத்தொடர்பு உரிமங்களிலேயே சமநிலையைச் சேர்த்தார்கள். இப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேறு பக்கத்தால் வருகின்றன. அதிக டேட்டா ஓடும் பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று கேட்கின்றன. பெரியவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொடுத்தவருக்கு என்ன சலுகை என்ற பேச்சு அடுத்து வரும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழைக்கு இலவச இணையம் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்தும் இல்லை. 2016 டிசம்பர் 19 அன்று, கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்.பி. டேட்டாவை இலவசமாகத் தரலாம், செலவை, கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுசெல்ல அரசு வைத்திருந்த சேவைப் பரவல் நிதியிலிருந்து எடுக்கலாம் என்று டிராயே பரிந்துரை செய்தது. எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். அந்த 100 எம்.பி.யை இன்றைய தேவைக்கு ஏற்ப உயர்த்தித் தரச் சொல்லி நீங்கள் மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.