14,000 அடியும் பொற்றையடியும்

கேள்வி: சென்ற செப்டம்பரில் இமாச்சலில் ஹம்ப்டா கணவாய் ஏறினேன். 14,000 அடி உயரம். மேலே நின்றபோது ‘நான்’ என்பதே கரைந்துபோய்க் கண்ணீர் கொட்டியது. முப்பது வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றியும் கிடைக்காதது ஐந்தே நாளில் கிடைத்தது. உயர்ந்த மலையில்தான் ஆன்மிகம் இருக்கிறது என்கிறேன். எதையும் நக்கல் அடிக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், தக்கலை)

பதில்: கண்ணீர் வந்ததை நம்புகிறேன். அதில் நக்கல் அடிக்க எனக்கு மனசில்லை. ஆனால் உங்கள் கடிதம் மொத்தம் நாலு பக்கம். இடமில்லாமல் இங்கே சுருக்கிவிட்டேன். ‘நான்’ கரைந்ததைச் சொல்லும் அந்த நாலு பக்கத்தில் ‘நான்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டேன். முப்பத்தொன்று. உங்கள் கூடாரத்தையும் அரிசியையும் சுமந்து வந்த கோவேறு கழுதைக்கு ஒரு வரி உண்டு, அதுவும் வழியை மறித்தது என்ற புகார். அதை ஓட்டி வந்த ஆளைக் காணோம்.

காற்றுச் சங்கதியையும் பார்த்துவிடுவோம். 14,000 அடியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கன்னியாகுமரிக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். தலை லேசாகும், மனசு இளகும். அதனால் உங்கள் அனுபவம் பொய்யென்று ஆகிவிடாது. பசித்தவனுக்குப் பழங்கஞ்சி ருசிக்கிறது, ருசி பொய்யா? ஆனால் அதே காற்றுக்குறைவு பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலியும் வாந்தியும் கொடுக்கும். இன்னும் மேலே போனால் மூளை வீங்கிப் பிதற்றுகிறவர்களும் உண்டு. அவர்களிலும் சிலர் ஏதோ பேரானந்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், யாராவது பிடித்துக் கீழே இறக்குகிற வரைக்கும்.

உயரம்தான் கணக்கு என்றால் அப்பர் தோற்றவர் ஆகிவிடுவார். கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு போனார் என்கிறது பெரிய புராணம். பாதி வழியில் தடுத்து, ஒரு குளத்தில் முங்கச் சொல்கிறார் இறைவன். எழுந்தால் திருவையாறு. காவிரிக் கரைச் சமவெளி, வரப்பைத் தவிர வேறு மேடு கிடையாது. அங்கே அவர் ‘கண்டறியாதன கண்டேன்’ என்று பாடியது எதைப் பார்த்து? துணையோடு வந்த யானையை, கோழியை, குயிலை. கயிலைக்கே போய்ச் சேர்ந்த காரைக்கால் அம்மையாரோ அந்த மலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்தார். நீங்கள் உச்சியில் ஷூ காலோடு எடுத்த போட்டோ கடிதத்தோடு வந்தது, நன்றாக இருந்தது.

வெள்ளைக்காரர்களிலும் கூசினவர்கள் உண்டு. 1955 மே மாதம் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் குழு, உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பியது. 8,586 மீட்டர் மலையில் அந்தச் சில அடியை விட்டுக்கொடுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தக்கலையிலிருந்து, கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிற மருந்துவாழ் மலைக்கு என்ன தூரம்? அங்கே பிள்ளைத்தடம் என்ற குகையில்தான் நாராயண குரு தவமிருந்தார். குனிந்துதான் நுழைய வேண்டும். இங்கே தவமிருந்தவர் 1888-இல் நெய்யாற்றங்கரைப் பக்கம் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து கல்லெடுத்து லிங்கமாக நட்டார். அவர் பிறந்த ஈழவச் சாதியார் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. எனக்குத் தெரிந்து அந்த மலை கொடுத்த பலன் அதுதான். அவர் குகைக்குள் என்ன உணர்ந்தார் என்று யாருக்கும் நாலு பக்கம் எழுதவில்லை. கீழே இருந்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது.

நானும் போன தை மாசம் ஏறினேன். பாதியில் நெஞ்சு படபடவென்று அடிக்க, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி இறங்கி வந்தாள், வெறுங்கால். “மக்கா, மெள்ளப் போ. மலை எங்கயும் ஓடிராது” என்றாள். நான் அறுபதைத் தாண்டியவன். என்னை மக்கா என்று கூப்பிட ஆள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே போய் ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் தென்னந்தோப்பையும் குளங்களையும் பார்த்தேன். தூரத்தில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணீர் வரவில்லை, காற்றில் கண் கரித்தது. காலடியில் யாரோ சாப்பிட்டுப் போட்ட பிஸ்கட் கவரைக் குரங்கு ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பொறுக்கலாம் என்று குனிந்தால் பல்லைக் காட்டியது. விட்டுவிட்டேன்.

ஹம்ப்டாவுக்கு மறுபடி போவீர்கள், போங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மருந்துவாழ் மலை அடிவாரத்தில், பொற்றையடியில் வந்து நில்லுங்கள், நானும் வருகிறேன். கோவேறு கழுதை கிடையாது. தண்ணீர் பாட்டிலை நீங்களேதான் சுமக்க வேண்டும், காலி பாட்டிலையும் சேர்த்து.