கான்ஹா சஃபாரி: அடுத்தவர் பெயரில் பர்மிட், "கேட்டில் மாற்றலாம்" என்கிறார் ஏஜென்ட்

கேள்வி: ஆயுத பூஜை விடுமுறையில் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், 68 வயது மாமியார் ஆகிய நால்வரும் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். ஃபேஸ்புக்கில் பார்த்த ஒரு டிராவல்ஸ்காரர் மூன்று இரவு, நான்கு சஃபாரி, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். "கோர் சோன் (காப்பகத்தின் உள்காட்டுப் பகுதி) கன்ஃபர்ம், புலி கேரண்டி" என்கிறார். பர்மிட் எங்கே என்று கேட்டால், யாரோ நாலு பேர் பெயர் போட்ட ஒரு தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கேட்டில் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 70 சதவீதம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா? அக்டோபரில் போவது சரிதானா?
– வாசகி, திருச்சி

பதில்: கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை போகட்டும், அடுத்த வெள்ளிக்கிழமையும் போகட்டும்.

அந்த வாட்ஸ்அப் படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சஃபாரி பர்மிட் பெயருக்குத்தான் தரப்படுகிறது. பதிவு செய்யும்போதே ஒவ்வொருவர் பெயரும், அடையாள அட்டையின் எண்ணும் கொடுக்க வேண்டும். அந்த அட்டையின் அசலை வாயிலில் காட்ட வேண்டும். ரயிலில் அடுத்தவர் டிக்கெட்டில் ஏறி உட்கார்ந்தால் டி.டி.இ. என்ன செய்வாரோ, அதைத்தான் வனத்துறைச் சிப்பந்தியும் செய்வார். ஒரே வித்தியாசம், அங்கே அபராதம் கட்டிவிட்டாவது பயணத்தைத் தொடரலாம். இங்கே விடியற்காலை ஐந்தரை மணிக்கு, குளிரில், மாமியாரை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பீர்கள். டிராவல்ஸ்காரரின் போன் அப்போது அணைந்திருக்கும்.

இதில் நடப்பது என்னவென்றால், பதிவு திறந்த உடனே சிலர் வாய்க்கு வந்த பெயர்களில் இடங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் ஆள் தேடுகிறார்கள். ஆள் கிடைத்தால் "உள்ளே நமக்கு ஆள் இருக்கிறார்" என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடுவார்கள். உங்களிடம் காட்டிய தாள் அப்படிப்பட்டதாக இருக்கலாம், அல்லது போன வருஷம் வேறு யாரோ போய்வந்த பழைய பர்மிட்டாகவே இருக்கலாம். தேதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? அந்த டிராவல்ஸ்காரரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "எங்கள் நால்வர் பெயரிலும் பர்மிட் எடுத்து அனுப்புங்கள், பர்மிட்டுக்கான தொகையை உடனே தருகிறேன், மீதியைப் போய்ச் சேர்ந்து தருகிறேன்." ஒழுங்கானவர் ஒப்புக்கொள்வார். மற்றவர் உங்கள் எண்ணையே பிளாக் செய்துவிடுவார். அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

பர்மிட் வந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தேதி, காலையா மாலையா, எந்த சோன், எந்த வாயில். கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கான்ஹாவுக்கு ஒரே வாயில் இல்லை. கட்டியா பக்கம் மாண்ட்லா மாவட்டம். முக்கி பக்கம் பாலாகாட் மாவட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளிச்சாலையில் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முக்கியில் மலிவாக ரூம் பிடித்துவிட்டு, பர்மிட்டைக் கட்டியாவில் எடுத்துக் கொடுக்கும் கில்லாடிகள் இருக்கிறார்கள். பேக்கேஜில் எழுதியிருப்பதில் பொய் எதுவும் இருக்காது. ரூமும் உண்டு, சஃபாரியும் உண்டு. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, புதன்கிழமை. மத்தியப் பிரதேசப் புலிகள் காப்பகங்களின் கோர் பகுதியில் புதன் பிற்பகல் சஃபாரி கிடையாது. உங்கள் மூன்று இரவில் ஒரு புதன் வந்தால், நான்கு சஃபாரிகளை அந்த டிராவல்ஸ்காரர் எங்கே வைத்திருக்கிறார் என்று காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

"எல்லாம் சேர்த்து" என்கிறாரே, அதையும் பிரித்துக் கேளுங்கள். பர்மிட் கட்டணம் தனி, ஜிப்சி என்கிற திறந்த ஜீப்பின் வாடகை தனி, வழிகாட்டிக் கட்டணம் தனி. பின்னவை இரண்டும் பொதுவாக அங்கே கொடுப்பவை. வண்டியும் வழிகாட்டியும் முறை வைத்துத்தான் வாயிலில் ஒதுக்கப்படுவார்கள். "எங்கள் ஸ்பெஷல் கைடு" என்று யாராவது சொன்னால், அது ரிசார்ட் வைத்திருக்கும் நேச்சுரலிஸ்ட்டாக, அதாவது காட்டுயிர் பற்றிச் சொல்லும் ஆளாக, இருக்கலாம். அவர் வந்தாலும் வராவிட்டாலும் பூங்காவின் வழிகாட்டி கட்டாயம் ஏறுவார். அவர்களில் நிறையப் பேர் அந்தக் காட்டைச் சுற்றியுள்ள கோண்டு, பைகா பழங்குடி ஊர்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் காடு அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஸ்பெஷல் கைடுக்கும் தெரியாது. மொழி இந்திதான். சிலர் ஆங்கிலம் கொஞ்சம் பேசுவார்கள். தமிழ் எதிர்பார்க்காதீர்கள்.

"புலி கேரண்டி" பற்றி என்ன சொல்ல! புலி யாரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை.

அரசு இணையதளத்திலேயே நேராகப் பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் தேடுபொறியில் "கான்ஹா சஃபாரி" என்று போட்டால் முதலில் வருகிற பக்கங்களில் பல தனியார் கடைகள். பூங்காவின் பெயரையே முகவரியாக வைத்துக்கொண்டு, புலி படம் போட்டு, அரசுத் தளம் போலவே உட்கார்ந்திருக்கும். மத்தியப் பிரதேச அரசின் பதிவுத் தளம் என்றால் முகவரி "கவ் டாட் இன்" என்று முடியும். அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். போனபின் நடப்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நாலு பேரின் விவரங்களைத் தட்டி முடிப்பதற்குள் இடம் போயிருக்கும், அல்லது பணம் கழிந்து பர்மிட் வராமல் நிற்கும். இத்தனை ஆண்டுகளாக இதே கதைதான். பொதுமக்கள் தாங்களே பதிவு செய்யும்படி ஒரு தளத்தை ஒழுங்காக நடத்தினால் இந்த இடைத்தரகர்களில் பாதிப் பேருக்கு வேலையே இருக்காது. தரகர்களை ஒழிக்கிறோம் என்று வருஷா வருஷம் அறிக்கை விடுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

இடம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்றால், வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் கோர் பகுதியில் சுற்றுலாவையே இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. அக்டோபரில் புதிய நெறிமுறைகளோடு மறுபடி அனுமதித்தது. அதிலிருந்து பிடி இறுகியிருக்கிறது. இறுக வேண்டியதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஒரு ஜிப்சியில் ஆறு பேர், ஒரு வேளைக்கு இத்தனை ஜிப்சி என்று கணக்கு. நீங்கள் போகிற ஆயுத பூஜை வாரம் வங்காளிகளுக்குத் துர்கா பூஜை. கொல்கத்தாவே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும் நாட்கள் அவை. ஆகவே பிந்தாதீர்கள்.

கோர் கிடைக்கவில்லை என்றால், அதைச் சுற்றியுள்ள வெளிப்பகுதியான பஃபர் பரவாயில்லையா? இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு "பஃபர் என்றாலே மோசடி" என்று நினைத்துவிடுவீர்கள். கோர் என்று சொல்லிப் பஃபரைத் தலையில் கட்டுவதுதான் மோசடி. பஃபர் என்று சொல்லிப் பஃபருக்கே அழைத்துப் போவது நேர்மையான வியாபாரம். கான்ஹாவில் கான்ஹா, கிஸ்லி, சரஹி, முக்கி ஆகியவை கோர் சோன்கள். கட்டியா, கபா, சிஜோரா, பேன் ஆகியவை பஃபர். பர்மிட்டில் "கட்டியா" என்று இருந்தால் அது வாயிலின் பெயரா, சோனின் பெயரா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது தரகர்களுக்கு எவ்வளவு வசதி! "கட்டியா கேட் சார், மெயின் கேட்" என்பார்கள். பொய் இல்லை, ஆனால் உங்களை அழைத்துப் போவது பஃபருக்கு. அதே சமயம் பஃபரிலும் அதே சால் மரம், அதே மூங்கில், அதே புள்ளிமான். ஊர்களும் மேய்ச்சல் மாடுகளும் இடையில் வரும், அந்தப் பெரிய புல்வெளிகள் இருக்காது, அதுதான் குறை. புலி கோடு பார்த்து நடப்பதில்லை, பஃபரிலும் நடமாடுகிறது. கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் இங்கே அதிகம். நான்கு சஃபாரியில் மூன்று கோர், ஒன்று பஃபர் என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் எதுவும் இல்லை. நான்குமே பஃபர் என்றால் திருச்சியிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

இரவு சஃபாரி சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடியுங்கள். புலிகள் காப்பகங்களில் இரவுச் சுற்றுலா கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. கோர் பகுதியின் சுற்றுலாப் பாதைகளில் கைபேசி பயன்படுத்தவும் அப்போதே தடை வந்தது. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் வேண்டுமென்றால் தனி கேமரா.

அக்டோபர் சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். மழைக்காக ஜூலை முதல் செப்டம்பர் முடிய கோர் மூடியிருந்து, அக்டோபர் 1 அன்று திறக்கும். புலியை மட்டும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அக்டோபர் வேண்டாம், ஏப்ரல், மே போங்கள். அப்போது புல் காய்ந்து, தண்ணீர் நாலைந்து குட்டைகளில் ஒடுங்கியிருக்கும், புலி அங்கே வந்துதான் ஆக வேண்டும். அக்டோபரில் ஓடையெல்லாம் தண்ணீர், புல் ஆள் உயரம். பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. சேறு காயாததால் முதல் வாரங்களில் சில பாதைகளைத் திறக்காமலும் வைத்திருப்பார்கள். இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார்.

ஆனால் காடு பார்க்கப் போகிறீர்கள் என்றால் அக்டோபர் அருமை. தூசி இல்லை. பாதைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பெரிய சிலந்தி வலைகள், மஞ்சள் பட்டு மாதிரி வெயிலில் மின்னும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி. ஜிப்சியில் எழுந்து நின்றால் முகத்தில் அப்பும், ஆகவே டிரைவர் சொல்லும்போது குனிந்துவிடுங்கள். புள்ளிமான்களில் பலவற்றுக்கு வளரும் கொம்பின்மேல் வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். கான்ஹாவின் சிறப்பான சதுப்புமானுக்கு, அதாவது பாராசிங்காவுக்கு, அந்தப் பருவத்தில் கொம்பு முழுதாக இருக்கும். ஆண்கள் கொம்பால் புல்லைக் கோதி, கற்றையாகத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கும். 1970இல் கான்ஹாவில் அவை வெறும் 66 தான் மிஞ்சியிருந்தன. அங்கிருந்து மீண்டு, இன்று வேறு காப்பகங்களுக்கும் அனுப்பும் அளவுக்குப் பெருகியிருக்கின்றன. புலியைத் துரத்தும் ஜிப்சிகள் இவற்றைக் கடந்து பறந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளம்பும்போதே வழிகாட்டியிடம் "ஆராம் ஸே சலியே, ஸப் குச் தேக்னா ஹை" என்று சொல்லிவிடுங்கள். நிதானமாகப் போங்கள், எல்லாம் பார்க்கணும் என்று அர்த்தம். புலி காட்டாவிட்டால் டிப்ஸ் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர்கள் விரட்டுகிறார்கள். பயம் போய்விட்டால் ஆள் மாறிவிடுவார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். புள்ளிமான் எதைப் பார்த்தாலும் கத்தும். மந்தி மரத்து உச்சியிலிருந்து இருமுவது போலக் கத்தினால் கொஞ்சம் நம்பலாம். கடமான் காலை உதைத்து, கனத்த குரலில் ஒரே ஒரு "பொங்க்" போட்டால் வழிகாட்டியின் முதுகு நிமிரும். அதைக் கவனியுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஜிப்சியின் பின் இருக்கை உயரமாக இருக்கும், நன்றாகத் தெரியும் என்று பெரியவர்களை அங்கே ஏற்றுவார்கள். குலுக்கலில் இடுப்பு போய்விடும். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள வரிசையில் உட்கார வையுங்கள், முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள். நீங்கள் நாலு பேர்தான். ஆறு இருக்கையும் உங்களுக்கே என்று முழு வண்டியாக எடுத்தால் காசு கூடினாலும் இந்தச் சச்சரவு இருக்காது. காலை சஃபாரியில் நாலைந்து மணி நேரம் வண்டியில்தான். கழிவறை வசதி உள்ளே ஓரிரு இடங்களில் மட்டும் உண்டு, அதுவும் எல்லா சோனிலும் நம்ப முடியாது. நான்கு சஃபாரிக்கும் அவர் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் பர்மிட்டில் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள், அன்று காலையில் மனசு மாறி வருகிறேன் என்றால் அப்போது சேர்க்க முடியாது.

போகிற வழி: சென்னையிலிருந்து நாக்பூர் வரை ரயில் அல்லது விமானம், அங்கிருந்து கட்டியாவுக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ஜபல்பூர் வழியாக வந்தால் சுமார் 160. முக்கி பக்கம் தங்குவதாக இருந்தால் நாக்பூரில் வண்டி மாறி கோந்தியாவில் இறங்குவது கிட்டம். பர்மிட் கைக்கு வந்தபிறகு ரயில் டிக்கெட் எடுங்கள், முன்னால் வேண்டாம்.