அருவியில் தண்ணீர் விழும் தேதிக்கு டிக்கெட் எடுங்கள்

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 67 வயது. அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். குற்றால அருவியைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்த அம்மாவுக்கு, ஒரு தடவையாவது அங்கே குளித்துவிட வேண்டும் என்று ஆசை. அம்மா, நான், என் கணவர், 12 வயது மகன் என்று நான்கு பேர். நடுவாண்டுப் பள்ளி விடுமுறையில் போகலாமா? ஏஜெண்டு சொன்ன பேக்கேஜ் விலை எங்கள் கைக்கு மீறியது. குறைந்த செலவில் போய்வர வழி சொல்லுங்கள். அருவித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர முடியுமா என்றும் அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்: சகோதரி, முதலில் தேதியைப் பேசுவோம். விலையைப் பிறகு பார்க்கலாம். டிக்கெட் வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் நான் கண்டது இதுதான்: குற்றாலத்துக்குப் போய் ஏமாந்து வந்தவர்கள் யாரும் அதிக விலை கொடுத்ததால் ஏமாறவில்லை. மலிவான டிக்கெட் கிடைத்தது என்று ஏப்ரலில் போய், காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

குற்றாலத்தில் தண்ணீர் வருடம் முழுவதும் விழாது. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் மலைக்குக் கிழக்கே பெரும்பாலும் வெயில்தான். ஆனால் செங்கோட்டைக்கு மேலே, ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாகக் காற்றும் மேகமும் நுழைந்து பூத்தூறலாக விழுவதைத்தான் சாரல் என்கிறார்கள். மலைமேல் பெய்யும் மழை சிற்றாறாக ஓடி வந்து அருவியாகிறது. ஜூன் பாதியில் தொடங்கி ஆகஸ்டு வரைக்கும் இதுதான் ‘சீசன்’. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் வரும். ஆனால் அப்போது சாரலும் குளிர்ந்த காற்றும் இருக்காது. கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வேறு.

நம் நடுவாண்டு விடுமுறையோ மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. மழை சரியாக நாள் பார்த்து இறங்கினாலும், அருவி நிறையக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதனால் அந்த விடுமுறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல காலம் ஜூலை. மகனுக்கு நான்கைந்து நாள் பள்ளி போகும், ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பாட்டியோடு அருவியில் நின்றது அவனுக்கு எந்தப் பாடத்தையும் விட நாள்பட நினைவிருக்கும். அது முடியாது என்றால் ஆகஸ்டு கடைசி விடுமுறை. தண்ணீர் குறையத் தொடங்கியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். தேசிய தினத்தை ஒட்டி டிக்கெட் விலை ஏறும் என்பதால் அதற்கு முன்னாலேயே புறப்படப் பாருங்கள்.

இன்னொன்று, சனி ஞாயிற்றில் குற்றாலத்தில் நிற்காதீர்கள். தெற்கு மாவட்டங்கள் மொத்தமும், கூடவே கேரளத்துக் கார்களும் அங்கேதான் இருக்கும். ஆடி அமாவாசையும் அப்படியே. செவ்வாயில் போய் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவது மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு கட்டாயம் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விமானத்துக்கு வருவோம், உங்கள் செலவில் பெரிய பங்கு அதுதான். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு திருச்சிக்கு எடுப்பார்கள். திருச்சியிலிருந்து தென்காசி போக ஒரு இரவோ ஒரு முழுப் பகலோ ஆகிவிடும். கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து தென்காசி ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். தம்பானூர் பஸ் நிலையத்தில் கேரள அரசு பஸ் ஏறினால் நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை வழியாக மூன்று மூன்றரை மணி நேரத்தில் செங்கோட்டைப் பக்கம் இறங்கிவிடலாம். ஆரியங்காவைத் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது ஜன்னலோரம் அம்மாவை உட்கார வையுங்கள். காடு சட்டென்று விலகி, கீழே பச்சை வயலும் தென்னையும் விரியும். அதுதான் அவருடைய அப்பாவின் சீமை. வளைவில் தலை சுற்றும் என்றால் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

மலிவு விமானங்களில் ஒருவழி டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தாலும் கூடுதல் தண்டம் கிடையாது. ஆகவே போகும்போது திருவனந்தபுரம், வரும்போது திருச்சி என்று எடுங்கள். துணிமணி வாங்குவது, கோயில் பார்ப்பது எல்லாம் மதுரை, திருச்சியில் கடைசி இரண்டு நாளில் ஆகிவிடும். பெட்டிக்கும் அதே கணக்குதான். போகும்போது ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை போதும், வரும்போது மட்டும் நான்கு பேருக்குமாக ஒரு பெட்டிக்குப் பணம் கட்டுங்கள். அதையும் டிக்கெட் எடுக்கும்போதே கட்டுங்கள். கவுண்டரில் போய்க் கட்டினால் புடவை வாங்கியதில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

திருச்சிக்கே போவதாக இருந்தால் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் திருச்சிக்கு வந்து, காலையில் தென்காசியில் இறக்கிவிடும். இங்கேதான் பலர் தேதியில் கோட்டை விடுகிறார்கள். செவ்வாய் இரவு ஏறுவதாக நினைத்துச் செவ்வாய்த் தேதிக்கு எடுப்பார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அது புதன். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீசனில் திறந்த கையோடு எடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் மதுரைக்குப் பஸ், மாட்டுத்தாவணியில் மாறித் தென்காசி. முதுகு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

விசாவை இந்திய அரசின் இ-விசா தளத்தில் நீங்களே போடுங்கள். அதே மாதிரி முகப்பு வைத்துக்கொண்டு சேவைக் கட்டணம் பிடுங்கும் தளங்கள் நிறைய, முகவரியை இரண்டு தடவை பாருங்கள். நம் பெயரில் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஒரு தலைவலி. அந்தச் சாய்கோடு எல்லா இடத்திலும் ஏறாது. எப்படி எழுதினாலும் விசாவிலும் டிக்கெட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

தங்குமிடத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், சீசன் நேரம், இரவு பத்து மணி. அருவிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் கவுண்டரில் நின்றேன். என் பேச்சைக் கேட்டு உள்ளூர்க்காரன் என்று நினைத்துச் சாவியை எடுத்தவர், சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் பேசாமல் அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார். காரணம் இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘ஃபார்ம் சி’ என்று விடுதிக்காரர்கள் சொல்லும் படிவத்தை விடுதி இணையத்தில் பதிய வேண்டும். சின்ன விடுதிகள் பல அதற்குப் பதிவு செய்திருப்பதில்லை. தமிழ் பேசினால் போதும் என்று நாம் நினைப்போம், ஆனால் படிவத்துக்கு நாம் வெளிநாட்டவர்தான். ஆகவே முன்பே போன் பண்ணி, “மலேசியா பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீர்களா?” என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். தென்காசி டவுனில் அறை எடுத்தால் இந்தச் சிக்கலும் குறைவு, வாடகையும் குறைவு. அருவிக்கரையில் சீசன் வாடகை வேறு கணக்கு. தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர், பஸ் வந்துகொண்டே இருக்கும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு நல்ல சேதி. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். உங்கள் கணவர் மட்டும் பாக்கெட்டைத் தடவட்டும். ஆட்டோ ஏறினால் ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள். வாடகைக் கார் உங்களுக்குத் தேவையே இல்லை. ரிங்கிட்டை மஸ்ஜித் இந்தியாப் பக்கம் இரண்டு கடையில் விசாரித்து மாற்றுங்கள், விமான நிலையத்தில் மாற்றாதீர்கள்.

அருவியில் குளிக்கக் காசு கிடையாது. இதைத்தான் பேக்கேஜ்காரர்கள் ‘சைட்சீயிங்’ என்று விலையில் ஏற்றியிருப்பார்கள்.

இப்போது, அந்த மூன்று இரவு எதற்கு என்று சொல்கிறேன். மலைமேல் கனமழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் அருவியின் முகமே மாறிவிடும். பேரருவியில் குளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்ததும் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடும். பிறகு தடை, அரை நாளோ இரண்டு நாளோ. ஒரே இரவுத் திட்டத்தோடு வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், நமக்கு ஊரில் ‘கெப்பாலா ஆயர்’ தெரியும் அல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அது சீசனே தொடங்காத நேரம். தண்ணீர் நிறம் கலங்கினாலோ, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தாலோ, விசிலுக்குக் காத்திருக்காமல் மகனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள்.

நம் ஊர்க் காஞ்சிங் அருவியில் குளிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே தேங்கிய தண்ணீரில் இறங்கி உட்காருவோம். இங்கே விழுகிற தண்ணீருக்கு அடியில் நிற்க வேண்டும். பேரருவி மேலிருந்து நேராக விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து பொங்கி, வேகம் தணிந்து, பிறகு பாறையில் வழிந்து வருகிறது. அதனால்தான் மனிதர் நின்று தாங்க முடிகிறது. இருந்தாலும் முதல் அடி முதுகில் பத்துப் பேர் குத்துகிற மாதிரிதான் இருக்கும். அம்மாவை நேரே நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தில் சிதறி விழும் இடத்தில் முதலில் கையை நீட்டட்டும், பிறகு தோள், பிறகு தலையைக் குனிந்து முதுகைக் கொடுக்கட்டும். பெண்களுக்குத் தனி இடமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. பாறை வழுக்கும். அந்தக் கம்பியை விட உங்கள் கை அவருக்குத் தைரியம் தரும். முதல் நாள் புலியருவியில் பழகட்டும், சின்ன அருவி. மறுநாள் ஐந்தருவி அல்லது பேரருவி. விடிகாலையில் போனால் நெரிசல் இருக்காது.

மூக்குக் கண்ணாடி, காதுத் தோடு, சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியை ரவிக்கையோடு ஊக்கு குத்திவிடுங்கள். புடவை நனைந்தால் காலைச் சுற்றி இழுக்கும், சுடிதார் நல்லது. போன், பணப்பையோடு ஒருவர் கரையில் இருக்க, மற்றவர்கள் போய் வரலாம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. குரங்குகள் உண்டு, பத்து மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

குளித்து எழுந்ததும் பசி பிடித்துத் தின்னும். கரையில் சூடான பஜ்ஜியும் டீயும் போதும், பெரிய சாப்பாட்டை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் பேர்போனது. நம் ரொட்டி சானாய் மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். சின்னதாக, மொறுமொறுவென்று இருக்கும், பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். சீசனில் அருவிச் சாலை நெடுக ரம்புத்தான், மங்குஸ்தான், துரியான் கூடக் குவித்து வைத்திருப்பார்கள். விலை கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். செந்தூல் பசாரில் இருப்பதைக் குற்றாலத்தில் வாங்குவது சிக்கனத்தில் சேராது. நுங்கு கிடைத்தால் வாங்குங்கள்.

அருவிக்கு ஒட்டியே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவில் கட்டியது. ஈரம் துவட்டிக்கொண்டு அப்படியே உள்ளே போகலாம். பக்கத்தில் சித்திர சபை, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் கேள்வி மீதி இருக்கிறது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக விட மாட்டார்கள், திருச்சி சோதனையில் கேட்டு வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். திரும்பும்போது பணம் கட்டிய அந்தப் பெட்டியில் வையுங்கள். கனமான பாட்டிலாகப் பார்த்து, வாய் நிரம்ப ஊற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு, மூடியின் மேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, துண்டில் சுருட்டி நடுவில் வைக்க வேண்டும். அந்தத் துண்டு நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரத் துண்டு ஒன்றே ஒரு கிலோ நிற்கும்.